சென்ட்காம் முதல் ஏழாவது கடற்படைப் பிரிவு வரை: அமெரிக்கப் படைத் தலைமையகங்களின் செய்திச் சேவை எப்படி இருக்கிறது?

வெளிநாட்டுச் செய்திகளைக் கையாளும் எவருக்கும் அமெரிக்கப் படைத் தலைமையகங்களின் பொது விவகார அலுவலகங்கள் தவிர்க்க முடியாத சேவை. செங்கடலில் ஏவுகணை ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டாலும், தென் சீனக் கடலில் போர்க்கப்பல் ஒன்று சர்ச்சைக்குரிய தீவைக் கடந்து சென்றாலும், அதைப் பற்றிய முதல் அதிகாரபூர்வ அறிக்கையும் முதல் படமும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. நெடுங்காலமாக இந்த அறிக்கைகளை வாசித்து, சரிபார்த்து, செய்தியாக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், ஒரு கடையையோ செயலியையோ மதிப்பிடுவதைப் போலவே இந்தச் சேவையையும் மதிப்பிடலாம் என்று தோன்றியது. காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதால் இதற்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. ஆனால் இதை நம்பி வெளியாகும் செய்தியை வாசகர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம், பெயர், பதவி, இடம், தேதி ஆகியவற்றைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்த ராணுவங்களில் வேறு எதுவும் இவ்வளவு ஒழுங்கான சேவையைத் தருவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் பெறுவதில் சுமார்தான். ஏதோ தவறு நடந்துவிட்ட நாளில் வெளிவரும் முதல் அறிக்கையோ அதே அலுவலகத்தின் வழக்கமான தரத்துக்குச் சற்றும் பொருந்தாதது. அடுத்த அறிக்கை வரும்வரை அதை ஒரு தரப்பின் வாதமாக மட்டுமே கொள்ள வேண்டும். இந்த மூன்றும் ஒரே அலுவலகத்திலிருந்து, சில சமயம் ஒரே அதிகாரியின் பெயரில் வருகின்றன என்பதால்தான் இந்தச் சேவைக்கு ஒரே மதிப்பெண் போட முடியவில்லை.

அமெரிக்க ராணுவத்தில் இப்போது 11 ஒருங்கிணைந்த போர்க் கட்டளையகங்கள், அதாவது பல படைகளையும் ஒரே தளபதியின்கீழ் கொண்டுவரும் தலைமையகங்கள், உள்ளன. மத்தியக் கிழக்கைக் கவனிக்கும் சென்ட்காம் ஃபுளோரிடா மாநிலத்தின் தாம்பா நகரிலுள்ள மெக்டில் விமானப்படைத் தளத்திலிருந்தும், இந்தியப் பெருங்கடலையும் சேர்த்துக் கவனிக்கும் இந்தோ-பசிபிக் கட்டளையகம் ஹவாயிலுள்ள ஸ்மித் முகாமிலிருந்தும் இயங்குகின்றன. கட்டளையகத்தில் தொடங்கி, அதன் கீழுள்ள கடற்படைப் பிரிவுகள், விமானப்படை அணிகள் என்று இறங்கிக்கொண்டே போனால், முக்கியமான ஒவ்வொரு படியிலும் ஒரு பொது விவகார அதிகாரி இருப்பார். அவர் பெரும்பாலும் சீருடை அணிந்தவர். மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீடிலுள்ள பாதுகாப்புத் துறைத் தகவல் பள்ளியில் பயிற்சி பெற்றவர். அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்தின் எழுத்து முறையிலேயே எழுதப் பழகியவர். பத்திரிகையாளரின் மொழி அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவரைப் பாதிப் பத்திரிகையாளர் என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் அவர் தளபதியின் ஆலோசகர்களில் ஒருவர். போர் நடவடிக்கைப் பிரிவு கொடுத்ததற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. தளபதி அனுமதித்ததற்கு மேல் அவர் எதுவும் சொல்ல முடியாது.

இவர்களுடைய வேலைக்கு எழுத்தில் ஒரு கொள்கை உண்டு. அரசை விமர்சனத்திலிருந்தோ தர்மசங்கடத்திலிருந்தோ காப்பாற்றுவதற்காக எந்தத் தகவலையும் ரகசியமாக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது என்றும், தேசப் பாதுகாப்புக்குக் கேடு வரும் அல்லது படையினரின் பாதுகாப்பும் அந்தரங்கமும் பாதிக்கப்படும் என்ற நிலையில் மட்டுமே நிறுத்தி வைக்கலாம் என்றும் பாதுகாப்புத் துறையின் தகவல் கோட்பாடுகள் சொல்கின்றன. அவர்களே வகுத்துக்கொண்ட அளவுகோல் இது என்பதால், இதை வைத்து அளப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது.

நல்ல பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். உலகெங்கும் உள்ள பொது விவகாரப் பிரிவுகள் எடுக்கும் படங்களும் காணொளிகளும் டிவிட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே விநியோகத் தளத்தில் சேர்கின்றன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் காலத்தில், களத்திலிருந்து உள்ளூர்த் தொலைக்காட்சிகளுக்குக் காட்சிகளை அனுப்புவதற்காக வளர்ந்த ஏற்பாடு இது. இன்று படைப்பிரிவின் பெயர், நாடு, தேதி என்று எப்படி வேண்டுமானாலும் தேடலாம்; குறிப்பிட்ட ஒரு பிரிவு எதைப் பதிவேற்றினாலும் தகவல் வரும்படி செய்துகொள்ளலாம்; உயர்தரக் காணொளிக் கோப்புகளுக்கு இலவசப் பதிவு போதும். பெரும்பாலான படங்கள் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத பொதுச் சொத்து. பாதுகாப்புத் துறையின் படத்தைப் பயன்படுத்துவதாலேயே அத்துறை உங்களை ஆதரிப்பதாக ஆகாது என்ற ஒரு வரி எச்சரிக்கையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு படப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இந்தச் சேவையின் தரம் புரியும். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டர் ஒன்று இறங்கும், எந்தப் பரபரப்பும் இல்லாத படம் என்று வைத்துக்கொள்வோம். படக்குறிப்பின் முதல் வாக்கியம் யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார் என்பதை நிகழ்காலத்தில் சொல்லும். இரண்டாம் வாக்கியம் அந்தக் கப்பல் ஏன் அந்தக் கடற்பகுதியில் இருக்கிறது என்று விளக்கும். கடைசியில் படம் எடுத்த சிப்பாயின் பெயரும் பதவியும் இருக்கும். கீழே, படம் எடுத்த தேதியும் பதிவேற்றிய தேதியும் தனித்தனியாக இருக்கும். இவற்றோடு விரின் எனப்படும் அடையாள எண் ஒன்றும் உண்டு. அதன் முதல் ஆறு இலக்கங்கள் படம் எடுத்த ஆண்டு, மாதம், நாள். அடுத்து வரும் ஒற்றை எழுத்து எந்தப் படை என்பதைக் காட்டும், தரைப்படைக்கு ஏ, கடற்படைக்கு என், விமானப்படைக்கு எஃப், மரைன் படைக்கு எம். அதன் பிறகு எடுத்தவருக்கான குறியீடு. இறுதியில் வழக்கமாக 1001 என்று தொடங்கும் வரிசை எண்.

இந்த எண்ணின் அருமை, வதந்தி பரவும் நாளில்தான் தெரியும். எப்போதோ நடந்த பயிற்சியில் எடுத்த குண்டுவீச்சுப் படத்தை நேற்றைய தாக்குதல் என்று யாராவது வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், மூலப் படத்தைக் கண்டுபிடித்து முதல் ஆறு இலக்கங்களைப் பார்த்த மாத்திரத்தில் விவாதம் முடிந்துவிடும். வரிசை எண்ணும் பேசும்: 1004க்கு அடுத்து 1019 வந்தால், இடைப்பட்டவற்றை வெளியிட வேண்டாம் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். பெரும்பாலும் அவை கண்மூடிய முகங்களாகவும் மங்கலான படங்களாகவும் இருக்கும்; எப்போதும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். படம் எடுத்த தேதிக்கும் வெளியிட்ட தேதிக்கும் உள்ள இடைவெளியும் அதுபோலவே: நட்புநாட்டுத் துறைமுகத்தில் நடந்த விருந்து அன்றைக்கே வந்துவிடும், கப்பலின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடிய படம் தாமதித்தே வரும்.

இன்னொரு நல்ல பழக்கம், படத்தில் கைவைத்தால் அதைச் சொல்லிவிடுவது. அடையாள அட்டையையோ கணினித் திரையையோ மங்கலாக்கியிருந்தால், பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தப் படம் மாற்றப்பட்டிருக்கிறது என்று குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். இந்த ஒழுக்கம் அடிவாங்காமல் வந்ததில்லை. அமெரிக்க ராணுவத்தின் முதல் பெண் நான்கு நட்சத்திரத் தளபதியான ஆன் டன்வுடியின் படத்தின் பின்னணியில் கொடியைச் சேர்த்துத் தரைப்படை வெளியிட்டதும், அது தெரியவந்த 2008 நவம்பரில் பாதுகாப்புத் துறை தரும் படங்களைப் பயன்படுத்துவதை ஏபி நிறுவனம் நிறுத்தி வைத்ததும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். போர்க்களக் காட்சியே இல்லை, வெறும் உருவப்படம்தான். ஆனாலும் நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. கேக் வெட்டுதல், பதவியேற்பு, ஓட்டப்பந்தயம், பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் பூசுதல் என்று குவியும் படங்களுக்கு நடுவே தேவையானதைத் தேடி எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தாக்குதல் காணொளிகள் பெரும்பாலும் சில விநாடிகளே ஓடும், ஒலி இருக்காது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதும் இருக்காது. இடம் என்ற கட்டத்தில் ‘வெளியிடப்படாத இடம்’ என்று போடும் வழக்கமும் இருக்கிறது. விருந்தளிக்கும் நாட்டின் அரசியல் சங்கடத்தைக் கருதி அப்படிப் போடுகிறார்கள் என்பது தெரியும். ஆனால் செயற்கைக்கோள் படத்தில் எவரும் பார்த்துவிடக் கூடிய, ஊரறிந்த விமானத் தளத்துக்கும் அதையே போடும்போது, படிப்பவர் மற்ற குறிப்புகளையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்.

அன்றாடச் செய்திக் குறிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியின் பெயர், பங்கேற்ற நாடுகள், கப்பல்கள், பிறகு தளபதியின் பெயரில் இரண்டு வாக்கியங்கள். அந்த மேற்கோளை எந்தத் தளபதியும் வாயால் சொல்லியிருக்க மாட்டார் என்று வாசிக்கும்போதே தெரிந்துவிடும். அதை வெட்டிவிட்டால் மீதி இருப்பது நம்பகமான செய்தி. விதிவிலக்காக, ஒரு குறிப்பே சம்பவமாகிவிடுவதும் உண்டு. 2021 ஏப்ரல் 7 அன்று லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைல் தொலைவில், இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்குள் (கடல்வளத்தின் மீது கரையோர நாட்டுக்குத் தனியுரிமை உள்ள பகுதி), இந்தியாவின் முன் அனுமதியைக் கேட்காமல் ஜான் பால் ஜோன்ஸ் என்ற போர்க்கப்பல் கடல்வழி உரிமையை நிலைநாட்டியதாக மேற்குப் பசிபிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் கவனிக்கும் அமெரிக்க ஏழாவது கடற்படைப் பிரிவின் பொது விவகார அலுவலகம் அறிவித்தது. இத்தகைய பயணங்கள் புதியவை அல்ல. அமெரிக்கா ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் இந்தியாவின் பெயர் பலமுறை வந்திருக்கிறது. புதிதாக இருந்தது, அதைத் தனி அறிக்கையாகப் போட்ட விதம்தான். இது எந்த ஒரு நாட்டைப் பற்றியதும் அல்ல, அரசியல் அறிக்கையும் அல்ல என்று அந்தக் குறிப்பே சொன்னது. இரண்டே நாளில் இந்திய வெளியுறவு அமைச்சகம் தன் கவலையைத் தெரிவித்துப் பதில் வெளியிட்டது. நட்புநாட்டுக்கு எதிரான சட்ட நிலைப்பாட்டை இவ்வளவு விலாவாரியாகப் பொதுவெளியில் எழுதும்போது வாஷிங்டனில் யாரைக் கேட்டார்கள் என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. தகவல் என்ற அளவில் அந்தக் குறிப்பில் பிழை எதுவும் இல்லை. தூரம், மண்டலம், அனுமதி கேட்காதது, எல்லாமே துல்லியம்.

அடுத்தது கேள்வி-பதில். ஒரு கட்டளையகத்தின் ஊடகப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வரும் என்பதையே பாராட்ட வேண்டும். பல நாட்டு ராணுவங்களில் அதுகூட இல்லை. பெரிய கட்டளையகங்களில் வேலை நேரத்துக்குப் பிறகும் அழைக்க ஓர் எண் உண்டு. படக்குறிப்பு ஒன்றில் துறைமுகத்தின் பெயர் தவறாக இருந்ததை ஒருமுறை சுட்டிக்காட்டினேன். மறுநாளே திருத்தி, நன்றி சொல்லி ஒரு வரியும் அனுப்பியிருந்தார்கள். அதே போன்ற இன்னொரு அலுவலகத்திடம், தாக்குதல் நடந்த இடம் ஊருக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டபோது, அறிக்கையில் ஏற்கெனவே இருந்த வாக்கியத்தையே வெட்டி ஒட்டி, இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். மற்ற நிறுவனங்களுக்குச் சென்ற பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தால் காற்புள்ளிகூட மாறவில்லை.

காரணம் தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். முக்கியமான எந்த நடவடிக்கைக்கும் முன்பே, பொது விவகார வழிகாட்டுதல் என்ற பெயரில் ஓர் ஆவணம் மேலிடத்தின் ஒப்புதலோடு தயாராகிவிடும். என்ன சொல்லலாம், யார் சொல்லலாம், தாமாக முன்வந்து அறிவிப்பதா அல்லது கேட்டால் மட்டும் சொல்வதா என்பதெல்லாம் அதில் இருக்கும். எதிர்பார்க்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் அதோடு இணைந்திருக்கும். ‘கேட்டால் மட்டும்’ என்ற நிலையில் இருக்கும் விஷயத்தைப் பற்றி நீங்கள் கேட்காதவரை அந்த அலுவலகத்திலிருந்து மூச்சு வராது. சரியான கேள்வியைக் கேட்டுவிட்டால், ஏற்கெனவே தயாராக இருந்த பதில் வியக்கத்தக்க வேகத்தில் வந்துவிடும். ஆகவே இந்தச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு என் ஆலோசனை இதுதான்: இது பற்றி மேலும் சொல்ல முடியுமா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எந்த வகை விமானம், எத்தனை மணிக்கு, எந்த மாவட்டத்தில், பொதுமக்கள் உயிரிழப்பு பற்றிய மதிப்பீடு தொடங்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஐந்தில் இரண்டுக்காவது உண்மையான விடை கிடைக்கும். எதற்கு விடை வரவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

இந்தச் சேவையின் உண்மையான சோதனை, தவறு நடந்த நாளில்தான். 2015 அக்டோபர் 3 அதிகாலையில் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திவந்த மருத்துவமனையை அமெரிக்க ஏசி-130 விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள். அன்று ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படைத் தலைமையகம் வெளியிட்ட அறிக்கை இரண்டு மூன்று வரிகள்தான்: படையினரை அச்சுறுத்திய நபர்கள் மீது அதிகாலை 2.15 மணிக்கு வான் தாக்குதல் நடத்தப்பட்டது, அதனால் அருகிலுள்ள மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் சேதம் ஏற்பட்டிருக்கலாம், விசாரணை நடக்கிறது. அருகிலுள்ள நிலையம் என்று அறிக்கை சொன்ன அந்தக் கட்டடம்தான் நேரடியாகத் தாக்கப்பட்டது. அதன் இருப்பிடக் குறியீடுகளை அந்த அமைப்பு சில நாட்களுக்கு முன்பே படைகளிடம் கொடுத்திருந்தது. அக்டோபர் 5 அன்று அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஜான் கேம்பெல், தாக்குதல் நடத்தக் கோரியது ஆப்கன் படைகள் என்றும், முதலில் சொன்னதற்கு மாறாக அமெரிக்கப் படையினருக்கு நேரடி அச்சுறுத்தல் இருக்கவில்லை என்றும் விளக்கினார். மறுநாள் செனட் குழுவின் முன் அமர்ந்தபோது, முடிவெடுத்தது அமெரிக்கத் தரப்புதான், மருத்துவமனை தவறுதலாகத் தாக்கப்பட்டது என்றார். நான்கு நாட்களில் மூன்று விளக்கங்கள். அவற்றுள் முதலாவதை மட்டும் வெளியிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போன நாளிதழ்கள் உலகெங்கும் எத்தனையோ.

காபூல் சம்பவம் இதைவிடத் தெளிவானது. 2021 ஆகஸ்ட் 29 அன்று, விமான நிலையத்துக்கு உடனடி ஆபத்தாக இருந்த ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் வாகனம் ஒன்றைத் தற்காப்புக்காக ஆளில்லா விமானத்தால் தாக்கியதாக சென்ட்காம் அறிவித்தது. குறியைச் சரியாகத் தாக்கினோம் என்பதில் உறுதியாக இருக்கிறோம், வாகனத்திலிருந்து எழுந்த அடுத்தடுத்த பெரும் வெடிப்புகள் அதில் ஏராளமான வெடிபொருள் இருந்ததைக் காட்டுகின்றன, பொதுமக்கள் இறந்ததற்கான அறிகுறி இப்போதைக்கு இல்லை என்பது அதன் சாரம். அன்றே வெளியான இரண்டாவது அறிக்கை, பொதுமக்கள் இறந்ததாக வரும் தகவல்களை அறிந்திருக்கிறோம், ஆராய்ந்து வருகிறோம் என்றது. அதன் பிறகு, அந்த வாகனத்தை ஓட்டியவர் ஓர் உதவி நிறுவனத்தின் ஊழியர் என்பதை நியூயார்க் டைம்ஸ் காணொளி ஆதாரங்களோடு வெளிக்கொண்டுவந்தது. செப்டம்பர் 17 அன்று சென்ட்காம் தளபதி கென்னத் மெக்கென்சி, அது தவறான தாக்குதல் என்றும், இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள், அவர்களுள் ஏழு பேர் குழந்தைகள் என்றும் ஒப்புக்கொண்டார். வெடிபொருள் என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் எரிவாயு உருளையாக இருந்திருக்கக் கூடும்.

இந்த அறிக்கைகளை எழுதிய அதிகாரிகள் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. அந்த மணி நேரத்தில் போர் நடவடிக்கைப் பிரிவு எதைச் சொன்னதோ அதைத்தான் எழுதியிருப்பார்கள். முதல் களத் தகவல் பெரும்பாலும் தவறாக இருக்கும் என்பது ராணுவத்தினரே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பாடம். என் குறை வேறு. வாகனம் தாக்கப்பட்டது, விளைவை ஆராய்கிறோம் என்று இரண்டு வரியில் நிறுத்தியிருந்தால் அந்த அறிக்கை இன்றும் நிற்கும். அதற்கு மேல் எழுதிய ஒவ்வொரு வரியும், வெடிபொருள் உட்பட, யாரும் சரிபார்த்திராத ஊகம்; அதன் மேல் உறுதி என்ற பூச்சு. துறைமுகத்தின் பெயரில் ஒரு பிழையைக்கூடப் பொறுக்காத அலுவலகம், மனித உயிர் சம்பந்தப்பட்ட வாக்கியத்துக்கு ஏன் அதே அளவுகோலை வைப்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே விடை, எதிர்த்தரப்பின் பேச்சு முந்திவிடக் கூடாது என்ற அவசரம். அந்த அவசரத்தில் முந்தியது எதிர்த்தரப்பாகக்கூட இல்லை. இரண்டு சம்பவத்திலும் அவர்களைத் திருத்தியது ஒரு மருத்துவ அமைப்பும் ஒரு நாளிதழும்தான்.

பின்னால் வரும் ஆவணங்களில் மறுபடியும் தரம் உயர்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். குண்டூஸ் விசாரணையின் சுமார் 3,000 பக்க அறிக்கையை, சில பகுதிகளை மறைத்துவிட்டு, 2016 ஏப்ரல் 29 அன்று சென்ட்காம் வெளியிட்டது. 16 பேர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதும் அப்போது தெரியவந்தது. காபூல் தாக்குதலின் காணொளி 2022 ஜனவரியில் வெளிவந்தது, ஆனால் நியூயார்க் டைம்ஸ் வழக்குத் தொடுத்த பிறகு. கடற்படையின் நடத்தை இதைவிட மேல். 2017 ஜூன் 17 அன்று ஜப்பான் அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட் போர்க்கப்பல் சரக்குக் கப்பலோடு மோதி ஏழு மாலுமிகளும், ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெயின் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகளும் இறந்தார்கள். நவம்பர் 1ஆம் தேதியே, இரண்டும் தவிர்த்திருக்கக் கூடிய விபத்துகள் என்ற முடிவோடு, எந்த நிமிடத்தில் கப்பலை இயக்கும் அறையில் யார் எதைக் குழப்பிக்கொண்டார்கள் என்பது வரை விவரித்து அறிக்கை வந்துவிட்டது. மெக்கெயினில் சுக்கான் கட்டுப்பாட்டை ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு மாற்றியபோது நேர்ந்த குழப்பத்தை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். தன் ஆட்களின் தவறை இவ்வளவு விரைவாக, இவ்வளவு நுணுக்கமாக வெளியிடும் ராணுவங்கள் அரிது. அதே கடற்படைதான், தளபதி ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கினால், அவருடைய தலைமைத் திறனில் நம்பிக்கை இழந்ததால் என்ற ஒரே வாக்கியத்தை வார்த்தை மாறாமல் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறது என்பது வேறு கதை.

இந்தச் சேவையில் தாமதத்தைக் குறையாகச் சொல்லக் கூடாத ஓர் இடம் இருக்கிறது. படைவீரர் இறந்தால், குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்து 24 மணி நேரம் கழியும்வரை பெயரை வெளியிடுவதில்லை. செய்தி அறையில் இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். வேறு வழிகளில் பெயர் கசிந்தும்விடும். ஆனாலும் அந்த அலுவலகம் வாய் திறப்பதில்லை. வீட்டு வாசலில் சீருடையில் ஒருவர் வந்து நிற்பதற்கு முன்பே தொலைக்காட்சியில் மகனின் பெயர் ஓடக் கூடாது என்ற இந்த விதியை எல்லா நாட்டு ராணுவங்களும் இதே கண்டிப்போடு கடைப்பிடித்தால் நன்றாக இருக்கும்.

களத்துக்கு நிருபர்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை நான் நேரடியாகப் பயன்படுத்தியதில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1983இல் கிரெனடா தீவுக்குள் படை நுழைந்தபோது பத்திரிகையாளர்களை வெளியே நிறுத்தி வைத்ததும், அதற்கு எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து ராணுவத்துக்கும் ஊடகத்துக்குமான உறவை ஆராய அமைந்த சைடில் குழுவும், 2003இல் ஈராக் போரில் 600க்கும் மேற்பட்ட நிருபர்கள் படைப்பிரிவுகளோடு சேர்ந்தே பயணம் செய்ததும் இந்த வரலாற்றின் மைல்கற்கள். கூடச் சென்றவர்களின் செய்திகளில் படையினரின் அன்றாடம் துல்லியமாக இருந்தது. குண்டு விழுந்த பக்கத்தின் கதை அவற்றில் குறைவு.

அண்மைக்கால மாற்றங்கள் கவலை தருகின்றன. 2025 பிப்ரவரி இறுதியில் பென்டகன் பிறப்பித்த உத்தரவின்படி, பன்முகத்தன்மை சார்ந்தவை என்று கருதப்பட்ட படங்களும் பக்கங்களும் படைகளின் தளங்களிலிருந்து அகற்றப்பட்டன. 26,000க்கும் மேற்பட்ட படங்கள் நீக்கப் பட்டியலில் இருந்ததாக ஏபி தெரிவித்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தின் படங்களும், பெயரில் உள்ள ‘கே’ என்ற, தன்பாலின ஈர்ப்பாளரையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் காரணமாகவோ என்னவோ, அந்தப் பட்டியலில் ஏறியிருந்தன. இரண்டாம் உலகப் போரில் தங்கள் பழங்குடி மொழியைச் சங்கேதமாகப் பயன்படுத்திய நவஹோ வீரர்கள், ராணுவத்தில் பணியாற்றிய பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் ஆகியோரைப் பற்றிய பக்கங்கள் காணாமல் போய், எதிர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் பென்டகன் விதித்த புதிய நிபந்தனைகளை ஏற்க மறுத்துப் பெரும்பாலான செய்தி நிறுவனங்கள் தங்கள் நுழைவு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தன. கட்டளையகங்களின் அலுவலகங்கள் தொடர்ந்து இயங்குகின்றன, மின்னஞ்சலுக்குப் பதிலும் வருகிறது. ஆனால் குண்டூஸிலும் காபூலிலும் இரண்டாவது அறிக்கையை வரவழைத்தது வெளியிலிருந்து வந்த நெருக்குதல். அந்த நெருக்குதல் தளரும்போது முதல் அறிக்கையே கடைசி அறிக்கையாகவும் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே பயன்படுத்துவோர் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. டிவிட்ஸிலிருந்து படத்தை எடுக்கும்போது விரின் எண்ணையும் முழுப் படக்குறிப்பையும் சேர்த்துச் சேமித்து வையுங்கள்; பக்கம் நீக்கப்பட்டாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும். தாக்குதல் பற்றிய அறிக்கைகளை நேரத்தோடு பிரதி எடுத்து வையுங்கள், ஏனெனில் திருத்திய அறிக்கை பழையதன் இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிடக் கூடும். விடை கிடைக்காத கேள்விகளுக்கு 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவரும் அதன்கீழ் விண்ணப்பிக்கலாம். சட்டம் சொல்வது 20 வேலை நாட்கள்; நடைமுறையில் ஆண்டுக் கணக்கில் இழுக்கும் என்பதால், கேள்வி சூடாக இருக்கும்போதே, தேதியையும் இடத்தையும் ஆவணத்தின் வகையையும் குறிப்பிட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.